ரெஸ்லிங் மேட்சையும் ரெஸ்லரையும் எடைபோடுவது எப்படி? புதியவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

முடிவை முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டத்தில் யார் பெரியவர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ரெஸ்லிங் ரசிகர்களிடம் வெளியாட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஜெயித்தவர் யார் என்பது இங்கே பதிலாகாது. ஒரு கதையை உடம்பால் எவ்வளவு நம்பும்படி சொன்னார்கள், அதைப் பார்த்த கூட்டம் என்ன ஆனது, அந்த வேலையை எத்தனை ஆண்டு, எத்தனை விதமான எதிராளிகளோடு செய்தார்கள் என்பதைத்தான் ரசிகர்கள் எடைபோடுகிறார்கள். அதைச் செய்யும் முறையை வரிசையாகத் தருகிறோம். ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

1. எதை அளக்கிறீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள்

1987 மார்ச் 29, ரெஸ்ல்மேனியா 3. (ரெஸ்ல்மேனியா என்பது அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஇ நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் பெரிய நிகழ்ச்சி.) அன்று ரேண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதியது 14 நிமிடம் 35 நொடி. பின்னால் வந்த ரெஸ்லர்கள் பலர் பாடமாக எடுத்துப் பார்த்த மேட்ச் அது. அதே இரவின் கடைசி மேட்சில் ஹல்க் ஹோகன், ஆந்த்ரே தி ஜயன்ட்டைத் தூக்கிப் போட்டார். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆந்த்ரேயால் சரியாக நகரவே முடியவில்லை. விமர்சகர் டேவ் மெல்ட்சர் அந்த மேட்சுக்குக் கொடுத்தது மைனஸ் 4 நட்சத்திரம். ஆனால் அரங்கம் நிறைந்தது அந்த மேட்சுக்காக. இன்றுவரை எல்லோருக்கும் நினைவிருப்பதும் அந்த ஒரு தூக்குதான்.

இந்த இரண்டில் எது பெரிய மேட்ச்? கேள்வியைப் பிரிக்காமல் பதில் வராது. பக்கத்தின் தலைப்பில் மூன்றில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள்: "வேலை" (ரிங்குக்குள் செய்த தரம்), "ஈர்ப்பு" (மக்களை வரவழைத்தது), "தாக்கம்" (அதற்குப் பிறகு தொழிலில் எது மாறியது). மூன்றையும் ஒரே மதிப்பெண்ணில் போட்டுக் குழப்பாதீர்கள். ரசிகர் சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஒருவர் வேலையைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் டிக்கெட் விற்பனையைச் சொல்லி மறுப்பார்.

2. பார்ப்பதற்கு முன் சேகரிக்க வேண்டியவை

முதல் தேவை, வெட்டப்படாத முழுப் பதிவு. பழைய தொலைக்காட்சி ஒளிபரப்புகளில், குறிப்பாக ஜப்பானியப் பதிவுகளில், நீண்ட மேட்சுகளை நறுக்கிப் போடுவது சாதாரணம். சரிபார்க்க எளிய வழி உண்டு. கேஜ்மேட்ச் போன்ற தரவுத்தளத்தில் அந்த மேட்சின் அதிகாரபூர்வ நேரத்தைப் பாருங்கள். முதல் மணியோசையிலிருந்து கடைசி மணியோசை வரை உங்கள் பதிவு எவ்வளவு ஓடுகிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் குறைந்தால் "வெட்டுப் பதிவு" என்று குறித்துவிட்டு மதிப்பெண் போடாமல் நிறுத்துங்கள். மெதுவான பகுதிகளைத்தான் வழக்கமாக வெட்டுவார்கள். அவை இல்லாத மேட்ச் உண்மையைவிட விறுவிறுப்பாகத் தெரியும்.

இரண்டாவது, முன்கதை. சாவேஜ் அதற்கு முன் ரிங் மணியைக் கொண்டு ஸ்டீம்போட்டின் தொண்டையைக் காயப்படுத்தியிருந்தார். இது தெரியாதவருக்கு ரெஸ்ல்மேனியா 3இல் தொண்டையைக் குறிவைக்கும் ஒவ்வொரு அடியும் வெறும் அடி. ஜப்பானிய ரெஸ்லர்கள் மிசாவா, கவாடா இருவரும் ஒரே பள்ளியில் மூத்தவர், இளையவர். பிறகு ஒரே அணியில் ஜோடி. இது தெரிந்தால் 1994 ஜூன் 3 அன்று டோக்கியோவின் புடோகான் அரங்கில் நடந்த அவர்கள் மேட்சில் கவாடாவின் ஒவ்வொரு உதையும் வேறு கனத்தில் விழும். ஒரு மேட்சுக்கு முன்கதை தேட முப்பது, நாற்பது நிமிடம் போதும். முந்தைய மோதல் ஒன்று, பேட்டி ஒன்று பார்த்தால் சரி.

மூன்றாவது, பணம். ஒவ்வொரு நிறுவனத்தின் பழைய பதிவுகளும் வெவ்வேறு சந்தாவில் கிடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஆண்டுச் சந்தா கட்டுவது புதியவர்கள் செய்யும் பெரிய வீண்செலவு. முதலில் பார்க்க வேண்டிய பட்டியலை எழுதுங்கள். நிறுவனங்களே தங்கள் அதிகாரபூர்வ யூடியூப் பக்கத்தில் இலவசமாக விட்டிருக்கும் முழு மேட்சுகளைக் கழியுங்கள். மிச்சம் எந்தச் சேவையில் அதிகம் இருக்கிறதோ அதற்கு ஒரு மாதம் மட்டும் கட்டி முடித்துவிட்டு, அடுத்ததற்கு நகருங்கள்.

3. முதல் பார்வை: பேனாவைத் தொடாதீர்கள்

குறிப்பு, இடைநிறுத்தம், வேகமாக ஓட்டுவது எதுவும் வேண்டாம். எந்த இடத்தில் உடம்பு முன்னால் சாய்ந்தது, எங்கே கவனம் கைப்பேசிக்குப் போனது என்பது இந்த ஒரு முறைதான் தெரியும். முடிந்தால் முடிவு தெரியாமல் பாருங்கள். பார்த்து முடித்ததும் மூன்று வரி எழுதுங்கள்: கதை என்ன, நினைவில் நின்ற கணம் எது, சலித்த இடம் எது. கதையை ஒரே வரியில் சொல்ல முடியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதி வையுங்கள்.

4. இரண்டாம் பார்வை: மாறும் இடங்களைக் குறியுங்கள்

உண்மையான வேலை இங்கேதான். ஒரு நாள் இடைவெளி விட்டு, நிமிடக் கணக்கோடு பாருங்கள். இருபத்தைந்து நிமிட மேட்சுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

வழக்கமான மேட்ச் நாலு கட்டமாக நகரும். நாயகன் ஓங்குவது, வில்லன் பிடித்துக்கொண்டு வதைப்பது, நாயகன் மீண்டு எழுவது, முடிவு. ரசிகர் பேச்சில் நாயகன் பேபிஃபேஸ், வில்லன் ஹீல். கட்டங்களைவிட, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மாற்றத்தைக் கவனியுங்கள். ஆதிக்கம் எந்த நிமிடத்தில், எதனால் கை மாறியது? ஹீல் கண்ணைக் குத்தினாரா, நாயகன் பேராசைப்பட்டுத் தவறவிட்டாரா, ஏற்கெனவே அடிபட்ட கால் மடங்கியதா? காரணம் இருந்தால் பக்கத்தில் ஒரு சரிக்குறி. "இப்போது இவர் முறை" என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்றால் ஒரு வட்டம். இருபது நிமிடத்தில் மூன்று வட்டத்துக்கு மேல் விழுந்தால், எத்தனை சாகசம் இருந்தாலும் அது கட்டுக்கோப்பில்லாத மேட்ச். எங்கள் அனுபவத்தில் நல்ல மேட்சையும் பெரிய மேட்சையும் பிரித்துக் காட்டும் அளவுகோல்களில் இதைவிட நம்பகமானது வேறில்லை.

1997 ரெஸ்ல்மேனியா 13இன் பிரெட் ஹார்ட் – ஸ்டீவ் ஆஸ்டின் மேட்சை இப்படி ஒருமுறை குறித்துப் பாருங்கள். 22 நிமிடம். நாயகனாக உள்ளே வந்த ஹார்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடூரமாகிறார். ஹீலாக வந்த ஆஸ்டின், முகம் முழுக்க ரத்தத்தோடு ஷார்ப்ஷூட்டர் என்ற கால்பிடியில் மயங்குகிறாரே தவிர, தோற்றேன் என்று சொல்லவில்லை. மேட்ச் முடியும்போது கூட்டம் இருவரையும் இடம் மாற்றிவிட்டிருக்கிறது. எந்த நிமிடத்தில் ஆரவாரம் பக்கம் மாறத் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதைவிட நல்ல பயிற்சி புதியவருக்கு இல்லை.

5. செல்லிங்: நொண்டுவது மட்டும் போதாது

அடியின் வலியைப் பார்வையாளருக்குக் கடத்துவது செல்லிங். பத்து நிமிடம் காலைத் தாக்கவிட்டு, அடுத்த நிமிடமே கயிற்றில் ஏறிப் பறந்தால் அந்தப் பத்து நிமிடம் வீண். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் புதியவர்கள் இதைக் கடுமையான சட்டமாக்கி, கடைசி வரை நொண்டாத எவரையும் தண்டிப்பார்கள். அது தவறு. பார்க்க வேண்டியவை நாலு.

வலி முடிவுகளை மாற்றுகிறதா? அடிபட்ட காலால் பின்னை (மூன்று எண்ணும் வரை எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்துவதை) தாமதமாகப் போடுவது, வழக்கமான நகர்வைத் தொடங்கிப் பாதியில் விடுவது எல்லாம் நொண்டுவதைவிட உயர்ந்த செல்லிங். முகம் பேசுகிறதா? களைப்பு கூடுகிறதா, அதாவது இருபதாம் நிமிடத்தில் எழும் வேகம் ஐந்தாம் நிமிடத்தைவிடக் குறைந்திருக்கிறதா? அடியைப் பொருட்படுத்தாமல் எழுந்தால் அதற்குக் கதையில் விலை இருக்கிறதா? ஆவேசத்தில் எழுந்தவர் மூன்று நொடி கழித்துச் சரிந்தால் அது செல்லிங்கின் பகுதி. எழுந்து அப்படியே அடுத்த சாகசத்துக்குப் போனால் குறை.

2015 ஆகஸ்ட் 22, புரூக்ளினில் நடந்த சாஷா பேங்க்ஸ் – பெய்லி மேட்சில் பெய்லி கையில் பட்டை கட்டியிருப்பார். சாஷா அந்தக் கையையே தேடிப் பிடிப்பார். சாஷா எவ்வளவு கீழ்த்தரமாக இறங்குகிறாரோ அந்த அளவுக்குக் கூட்டம் பெய்லியோடு ஒட்டிக்கொள்ளும். தாக்குவதும் தாங்குவதும் சேர்ந்துதான் செல்லிங். அடி வாங்குபவருக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள்.

6. முடிவும் அதற்கு முந்தைய பொய் முடிவுகளும்

மூன்று என்று எண்ணி முடிக்கும் முன் தோள் எழும்புவது நியர் ஃபால். ஒவ்வொன்றையும் எண்ணுங்கள், கூட்டம் எத்தனையை நம்பியது என்று தனியாக எண்ணுங்கள். நம்பிய எண்ணிக்கை பாதிக்குக் கீழே போனால் மேட்ச் அளவுக்கு மீறி இழுக்கப்பட்டது என்று பொருள். ஒருவரின் முடிப்பு நகர்வை மூன்று முறை தாங்கிவிட்டால் நாலாவது யாரையும் பதற வைக்காது, அடுத்த மாத மேட்சிலும் பதற வைக்காது. மேலே சொன்ன 1994 மேட்சில் மிசாவா முடிப்புக்கு எடுத்தது அபூர்வமாக மட்டும் வெளியே வரும் டைகர் டிரைவர் 91 என்ற நகர்வு. வழக்கமான ஆயுதங்கள் போதாமல் போனதால்தான் அது வந்தது என்பது பார்ப்பவருக்குப் புரியும்.

நீளம் பெருமை அல்ல. எடி கெரெரோ – ரே மிஸ்டீரியோ, 1997 ஹாலோவீன் ஹேவக் நிகழ்ச்சி, 14 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முகமூடியைப் பறிக்கத் துடிப்பவருக்கும் காப்பாற்றத் துடிப்பவருக்கும் இடையிலான மேட்ச் அது. ஒரு நொடியும் வீணில்லை. ஜப்பானில் ஒகாடா – கென்னி ஒமேகா மோதிய 2017 ஜனவரி 4 மேட்ச் 46 நிமிடத்துக்கு மேல். அதன் முதல் இருபது நிமிடம் தேவையா என்று ரசிகர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உங்கள் நோட்டில் அந்த இருபது நிமிடம் பின்னால் எங்கே பயன்பட்டது என்று காட்ட முடிகிறதா பாருங்கள். அதுவே உங்கள் பதில்.

7. கூட்டத்தின் சத்தத்தை அப்படியே நம்பாதீர்கள்

2002 ரெஸ்ல்மேனியாவில், டொரொன்டோவில், ராக்கை எதிர்த்து ஹீலாக வந்த ஹோகனைக் கூட்டம் தலையில் தூக்கி வைத்தது. இருவரும் ரிங்குக்குள்ளேயே பாத்திரத்தை மாற்றிக்கொண்டார்கள். நகர்வுகளை மட்டும் எண்ணினால் சாதாரண மேட்ச். கூட்டத்தைக் கேட்டு வேலை செய்யும் திறனை அளந்தால் பெரிய மேட்ச்.

ஆனால் பொறிகள் உண்டு. முன்கூட்டியே படம்பிடித்துப் பிறகு ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளில் சத்தத்தைக் கூட்டிச் சேர்ப்பது உண்டு. அரங்கத்தில் வாய்கள் அசையாமல் ஆரவாரம் மட்டும் எழுந்தால் சந்தேகப்படுங்கள். 2020 மார்ச்சுக்குப் பிறகு பல மாதங்கள் அரங்குகள் காலி; ஜப்பானில் கூட்டம் திரும்பிய பிறகும் நெடுநாள் குரல் எழுப்பத் தடை, கைதட்டல் மட்டும்தான். அந்தக் கால மேட்சுகளுக்குத் தனிப் பக்கம் வையுங்கள். பொதுவாகவே ஜப்பானில் தொடக்க நிமிடங்களில் அமைதியாகப் பார்ப்பார்கள். அதைச் சலிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

8. நட்சத்திரம் போடுவது

அளவுகோலை முதலிலேயே எழுதி அட்டையில் ஒட்டுங்கள். எங்கள் பரிந்துரை: 3 என்பது குறையின்றி வேலை செய்த நல்ல மேட்ச், 4 என்பது நண்பரை உட்கார வைத்துக் காட்டத் தகுந்தது, 4½க்கு மேல், முன்கதை தெரியாதவரையும் பிடித்து நிறுத்தும் மேட்ச், 5 என்றால் குறை இருந்தாலும் அது நினைவில் நிற்காது. கால் நட்சத்திரங்களை முதல் ஐம்பது மேட்சுக்குத் தொடாதீர்கள். அந்த நுணுக்கம் ஒப்பிட நிறையப் பார்த்த பிறகுதான் வரும்.

மெல்ட்சர் 2017இல் ஒகாடா – ஒமேகாவுக்கு 6, அடுத்த ஆண்டு ஜூன் 9 மேட்சுக்கு 7 கொடுத்தார். அவர் அளவுகோல் அவருடையது. 1989இல் ரிக் ஃபிளேர் – ஸ்டீம்போட் மோதிய மூன்று பெரிய மேட்சுகளுக்கும் 5 கொடுத்தவரும் அவரே. ஆகவே ஏழு, ஐந்தைவிட இரண்டு படி உயர்வு என்று கணக்குப் போட முடியாது. ரசிகர்கள் வாக்களிக்கும் சராசரிகளிலும் ஒரு சாய்வு உண்டு. ஒரு மேட்சைத் தேடிப் போய்ப் பார்ப்பவர் பெரும்பாலும் அதை விரும்பப் போகிறவர். நடந்த இரவே போட்ட மதிப்பெண்கள் சூடு ஆறாதவை.

பாணிகளைக் கலக்காதீர்கள். மெக்சிகோவின் லூச்சா லிப்ரேயில் மூன்றில் இரண்டு சுற்று, வேகமான நகர்வு, முகமூடியையோ தலைமுடியையோ பணயம் வைப்பது ஆகியவை மரபு. 2000 மார்ச் 17 அன்று அரினா மெக்சிகோவில் அட்லாண்டிஸிடம் மூன்றாம் வில்லானோ முகமூடி இழந்ததை, அமெரிக்க மேட்சின் நாலு கட்டத்தால் அளந்தால் பாதி நழுவிவிடும். அந்த மரபில் பத்து மேட்சாவது பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

9. ஒரு ரெஸ்லரின் வாழ்நாளை எடைபோடுவது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. புகழ்பெற்ற மேட்ச் ஒன்றை வைத்து ஒருவரை அளந்தால் அது எதிராளியின் திறமையாகவும் இருக்கலாம். குறைந்தது 12 மேட்ச் எடுங்கள். பேர்பெற்றவை 4, வாராந்திர நிகழ்ச்சியின் சாதாரண மேட்ச் 4, பலவீனமான அல்லது அனுபவமற்ற எதிராளியோடு 4. மூன்று வெவ்வேறு காலகட்டங்கள் வர வேண்டும். வாரம் இரண்டு வீதம் ஆறு வாரம். கடைசி நாலுதான் ஆளைக் காட்டும். ஃபிளேர் உலகச் சாம்பியனாக ஊர் ஊராகப் போய், அங்கங்கே உள்ள நாயகனை ஜெயித்துவிடுவார் போலக் காட்டிவிட்டுப் பட்டத்தோடு திரும்ப வேண்டிய வேலையைச் செய்தவர். அந்த வேலையின் தரம் எதிராளியின் மதிப்பு கூடியதில் தெரியும்.

தாளில் தனித்தனிப் பத்திகள்: உச்சம், நீளம், எதிராளி வகை, நாயகனாகவும் ஹீலாகவும் ஓடினாரா, பேச்சு, கூட்டம் ஈர்த்தது, தாக்கம், எதிராளியைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டது. உச்சமும் நீளமும் ஒரே பத்தியில் வரக்கூடாது. கென்டா கொபாஷி 2003 மார்ச் 1 முதல் 2005 மார்ச் 5 வரை ஜப்பானின் நோவா நிறுவனத்தின் ஜிஎச்சி பட்டத்தை 13 முறை காத்தார். அது உச்சத்துக்கு அடையாளம். டெரி ஃபங்க் 1965இல் தொடங்கி, 1975இல் என்டபிள்யூஏ (பல வட்டார நிறுவனங்களின் கூட்டமைப்பு) சாம்பியனாகி, 1997இல் தன் 52ஆம் வயதில் ஈசிடபிள்யூ நிறுவனத்தின் பட்டம் வென்றார், ஒவ்வொரு முறையும் வேறு ஆளாக. அது நீளத்துக்கு அடையாளம். எதற்கு எடை அதிகம் என்பது உங்கள் முடிவு, ஆனால் எல்லா ரெஸ்லருக்கும் அதே எடைதான்.

பட்டங்களை எண்ணுவதுதான் அதிகம் பேர் விழும் குழி. ஜான் சீனா 2025 ஏப்ரல் 20 அன்று 17ஆவது முறை உலகப் பட்டம் வென்று, ஃபிளேருக்கு டபிள்யூடபிள்யூஇ ஒப்புக்கொண்ட 16ஐத் தாண்டினார். ஃபிளேருக்கே வேறு கணக்குகளில் 20க்கு மேல் வரும். புரூனோ சம்மார்ட்டினோ வென்றது இரண்டே முறை. அதில் முதல் ஆட்சி மட்டும் 2,803 நாள். பட்டம் எப்போது கை மாறும் என்பது நிறுவனத்தின் முடிவு. எத்தனை முறை என்பதைக் குறியுங்கள், ஆனால் பக்கத்தில் மொத்த நாட்களையும், அந்த நாட்களில் அரங்கம் நிறைந்ததா என்பதையும் சேருங்கள்.

கூட்ட எண்ணிக்கையிலும் எச்சரிக்கை வேண்டும். ரெஸ்ல்மேனியா 3க்கு அறிவித்தது 93,173. உண்மை 78,000 அளவில்தான் என்று மெல்ட்சர் நெடுங்காலமாக வாதிடுகிறார். அறிவித்தது, விற்ற டிக்கெட், உள்ளே வந்தவர் என்று மூன்று வேறு எண்கள் உண்டு. எந்த எண்ணை எழுதுகிறீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள்.

விருதுகளை யார் தருகிறார்கள் என்று பார்க்காமல் சேர்க்காதீர்கள். 1993இல் தொடங்கிய டபிள்யூடபிள்யூஇ ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஆள் எடுப்பது நிறுவனமே. 1996இல் தொடங்கிய, மெல்ட்சரின் ரெஸ்லிங் அப்சர்வர் இதழின் ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலுக்கு 60 சதவீத வாக்கு வேண்டும். வேலை, ஈர்ப்பு, வரலாற்று முக்கியத்துவம் மூன்றையும் பார்ப்பார்கள். 1991 முதல் வரும் பிடபிள்யூஐ இதழின் 500 ரெஸ்லர் தரவரிசைப் பட்டியல், கதைக்குள் நடந்த வெற்றி தோல்வியையும் எண்ணும். மூன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

தவிர்க்க முடியாத ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 2007 ஜூனில் கிறிஸ் பென்வா தன் மனைவியையும் மகனையும் கொன்று தானும் உயிரை விட்டார். அவர் மேட்சுகளை அளப்பதா, பட்டியலில் சேர்ப்பதா என்பதில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். பார்க்கவே முடியாது என்பவரை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. பட்டியல் தொடங்கும் முன், ரிங்குக்கு வெளியே நடந்ததைக் கணக்கில் எடுப்பீர்களா என்று ஒரு வரி எழுதிவிட்டால், பிடித்தவருக்கு ஒரு நீதி, பிடிக்காதவருக்கு ஒரு நீதி என்று ஆகாது.

10. ஒரு வருடம் கழித்து மறுபார்வை

ஒவ்வொரு மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலும் தேதி போடுங்கள். அதற்கு அடுத்த கட்டத்தைக் காலியாக விடுங்கள். பன்னிரண்டு மாதம் கழித்து, பழைய எண்ணை மறைத்துக்கொண்டு மறுபடி பார்த்து மதிப்பிடுங்கள். வித்தியாசம் அரை நட்சத்திரத்துக்கு மேல் போனால் ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள்: முன்கதை இப்போது தெரிந்ததா, அந்தப் பாணி பழகியதா, அன்றைய ஆரவாரம் இழுத்துக்கொண்டு போனதா. பழைய எண்ணை அடிக்காமல் அப்படியே விடுங்கள். புதியதை அதன் கீழே எழுதுங்கள்.